கீரிக்குப் பெயர் உண்டு

பாப்லோ நெரூதாவின் நினைவுக் குறிப்புகளில் ஒரு பக்க அளவே வரும் ஒரு பகுதி உண்டு. அவரை விரும்பிப் படித்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "அது அவருடைய சொந்த வாழ்க்கை, கவிதையோடு போட்டுக் குழப்பாதீர்கள்" என்பார்கள். அல்லது, "மறைக்காமல் எழுதினாரே, அந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?" என்பார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதியதற்காகப் பாராட்ட வேண்டும் என்றால் அது எழுத்தாகிவிடுகிறது. அப்புறம் அதைச் சொந்த வாழ்க்கை என்று ஒதுக்கிவைக்க முடியாது. கவிதையைப் படிப்பது போலவே, சொல் சொல்லாக, உவமை உவமையாக அதையும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் படித்தால் அந்தப் பக்கம் நெரூதாவின் கவிதைக்கு வெளியே எங்கும் இல்லை என்பது தெரியவரும்.

அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போகிற வழக்கம் நம்மிடையே இருப்பதால், காதல் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லும் மாணவிகள் பலருக்கு இது தெரியாது.

1929. நெரூதா கொழும்பில் சிலே நாட்டின் கான்சல். வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு பங்களா. வீட்டின் பின்புறத்தில் கழிப்பறை. தமிழ்நாட்டில் எடுப்புக் கக்கூஸ் என்போம், இலங்கையில் வாளிக் கக்கூஸ். ஓட்டைக்குக் கீழே வைத்திருக்கும் வாளி தினமும் எப்படிச் சுத்தமாகிறது என்று அவருக்கு வியப்பு. ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்தபோது அவளைப் பார்க்கிறார். தமிழ்ப் பெண், தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவள் என்று எழுதுகிறார். மலிவான துணியில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த சேலை, காலில் கனத்த காப்பு, மூக்கின் இருபுறமும் கண்ணாடிக் கற்கள். அவரைத் திரும்பியும் பார்க்காமல் பின்பக்கம் போய், வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அவருக்கு அவள் தெய்வமாகவும் அரசியாகவும் தெரிகிறாள். அடுத்தடுத்த நாட்களில் கூப்பிட்டுப் பார்க்கிறார். அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைக்கிறார். அவள் காதில் வாங்கவில்லை, கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு காலையில் அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார். பேசுவதற்குப் பொதுமொழி எதுவும் இல்லை என்கிறார். அவள் சிரிப்பில்லாமல் கூடப் போகிறாள். கட்டிலில் கிடந்த அவள் உடலை, தென்னிந்தியாவின் ஆயிரம் வருடச் சிற்பங்களோடு ஒப்பிட்டு வர்ணிக்கிறார். ஒரு மனிதன் சிலையோடு கூடியது போலிருந்ததாம். கடைசிவரை அவள் கண்கள் திறந்தே இருந்தனவாம். அவள் தன்னை இகழ்ந்தது சரிதான் என்று முடித்து, மறுபடி அது நடக்கவில்லை என்று ஒரு குறிப்பும் வைக்கிறார்.

இதற்குப் பெயர் வன்புணர்வு. அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் இல்லை.

இது யாரோ தோண்டி எடுத்த ரகசியமும் இல்லை. 'வாழ்ந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொருள்படும் தலைப்போடு அந்த நூல் ஸ்பானிய மொழியில் வந்தது 1974இல், அவர் இறந்த மறு ஆண்டு. ஆங்கிலத்தில் 1977இல் வந்துவிட்டது. உலகெங்கும் லட்சக்கணக்கான கண்கள் அந்த வரிகளின் மீது போயிருக்கின்றன. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரை வைக்க சிலே நாடாளுமன்றத்தின் கலாச்சாரக் குழு ஒப்புதல் தந்தபோதுதான், அந்த நாட்டுப் பெண்ணியர்கள் இந்தப் பக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது அச்சிலேயே இருந்தது. எனவே கேள்வி நெரூதா எதை மறைத்தார் என்பதில் இல்லை. அச்சில் கிடந்ததைப் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதில் இருக்கிறது.

நான் அவரைப் படிக்கத் தொடங்கியது பத்தொன்பது வயதில். இருபது காதல் கவிதைகள் வழியாக அல்ல; அவை அப்போதே எனக்குக் கொஞ்சம் தித்திப்பு அதிகம். என்னைப் பிடித்துக்கொண்டது 'ரெசிதென்சியா என் லா தியெர்ரா', பூமியில் உறைவிடம் என்று பொருள். 1933இல் முதல் தொகுதியும் 1935இல் இரண்டாவதும் வந்தன. முதல் தொகுதியில் கணிசமான பகுதி ரங்கூனிலும் கொழும்பிலும் பட்டேவியாவிலும் எழுதப்பட்டது. அதுவரை கவிதை என்றால் ஒரு கருத்து, அதற்கு ஒரு படிமம், கடைசியில் ஒரு சொடுக்கு என்றே பழகியிருந்தேன். இங்கே வாக்கியம் தொடங்கும், வினைமுற்று வராது. எச்சங்களாகவே போய்க்கொண்டிருக்கும். ஈரம், சாம்பல், துணி, உப்பு, பல், மணி என்று பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும். எது எதற்கு உவமை என்று பிரித்தெடுக்க முடியாது. உயிரற்ற பொருளெல்லாம் மூச்சு விடும். புரியாமலே ஒரு கவிதை உடம்பில் இறங்கும் என்பதை நான் கற்றது அங்கேதான். அந்தக் கல்வியை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. அது என்னுடையது, உழைத்துப் படித்து வாங்கியது.

கம்யூனிஸ்ட் ஆன பிறகு நெரூதாவே இந்தக் கவிதைகளை அவநம்பிக்கை மண்டியவை என்று தள்ளிவைத்ததுண்டு என்பது ஒரு வேடிக்கை. அவர் வேண்டாம் என்றதைத்தான் எங்களில் பலர் இறுகப் பிடித்துக்கொண்டோம்.

இந்தக் கவிதைகளைப் பற்றி எழுதும் எவரும் தனிமை என்ற சொல்லிலிருந்து தொடங்குவார்கள். கிழக்கில் தனித்து விடப்பட்ட இளைஞன், மொழி புரியாத ஊர், கையில் காசில்லாத கான்சல் வேலை. அர்ஜென்டினாவில் இருந்த நண்பர் எக்தொர் எயாந்திக்கு அவர் எழுதிய கடிதங்கள் முழுக்க இந்தத் தனிமைதான். நானும் அந்தத் தனிமையை நம்பித்தான் படித்தேன். இப்போது நினைவுக் குறிப்புகளோடு சேர்த்துப் படிக்கும்போது வேறொன்றை எண்ணத் தொடங்குகிறேன்: அந்த வீட்டில் எத்தனை பேர்? சமைக்கவும் பரிமாறவும் ஒரு வேலைக்காரப் பையன். ஒரு நாய். ஒரு கீரி. விடியலில் வாளி எடுக்க வரும் பெண். கீரிக்கு கிரியா என்று பெயர். அது பாம்போடு சண்டை போடும் என்று ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்று பார்க்க, பாம்பைக் கண்டதும் அது ஓட்டம் பிடித்த கதையை நெரூதா எவ்வளவு அன்போடு சொல்கிறார்! சிரிக்காமல் படிக்க முடியாது. கீரிக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, கதை உண்டு. அவளுக்குப் பெயர் இல்லை. கேட்கவும் இல்லை. மொழி இல்லை என்பது காரணமா? பெயர் கேட்க மொழி வேண்டாம். வேண்டும் என்றாலும் கொழும்பில் தமிழ் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்?

ரங்கூனில் அவரோடு வாழ்ந்த பெண்ணையும் ஜோசி பிளிஸ் என்ற ஆங்கிலப் பெயரில்தான் நமக்குத் தெரியும். அவளுக்கு ஒரு பர்மியப் பெயர் இருந்தது என்று சொல்கிறவர் அதை எழுதவில்லை.

அப்படியானால் அந்தத் தனிமை பொய்யா என்று கேட்டால், பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டது என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்குள் வந்துபோகும் சிலரை ஆள்கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் ஒருவர் அவ்வளவு தனியாக இருக்க முடியும். பணிப்பெண் அறைக்குள் இருக்கும்போதே "வீட்டில் யாருமே இல்லை, போரடிக்கிறது" என்று தொலைபேசியில் சொல்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இனி அந்தச் சிலைக்கு வருகிறேன். உயிரற்றதை உயிர்பெறச் செய்வதுதான் ரெசிதென்சியாவின் பெரிய வித்தை என்றேன். நினைவுக் குறிப்பில் அதே கை, அதே வித்தையைத் தலைகீழாகச் செய்கிறது. உயிருள்ளவளைக் கல்லாக்குகிறது. முதல் பார்வையிலேயே அவள் சிலை, பிறகு தெய்வம், பிறகு கோயில் சிற்பம், கடைசியில் மறுபடி சிலை. சிலைக்குச் சம்மதம் தேவையில்லை. சிலையின் திறந்த கண்கள் எதையும் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குற்றத்தை நடத்திக்கொடுப்பதே இங்கே உவமைதான். ஆகவே வாழ்க்கையை விட்டுவிட்டுக் கலையைப் பார் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம், கலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் வாசகிக்கு இந்தச் சிலை புதிதும் இல்லை. சிலை போல என்பது நம்மிடம் பாராட்டு. சினிமாப் பாட்டில் வரும், கல்யாண வீட்டில் பெரியம்மாக்கள் வாயில் வரும். ஆனால் கல்லாவதைப் பற்றி நம்மிடம் வேறொரு கதையும் இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் அகலிகை இரண்டாம் முறை கல்லாகிறாள். இம்முறை எந்த முனிவரின் சாபமும் இல்லை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு அவளே உள்ளுக்குள் இறுகிவிடுகிறாள். வெள்ளவத்தைப் பெண் கட்டிலில் இறுகிக் கிடந்ததை நெரூதா தன் அழகியலுக்குள் சிற்பமாக எடுத்து வைக்கிறார். மறுக்க வழியில்லாத உடல் தனக்கு மிஞ்சிய ஒரே மறுப்பைச் செய்தது என்று நாம் படிக்கலாம். அதற்கு முன்பும் அவள் மறுத்துக்கொண்டேதான் இருந்தாள். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல், கேளாதவள் போல், நடையை மாற்றாமல் போவதன் பொருள் என்ன என்று பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதற்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பு தேவையில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1935இல் மத்ரீதில், தான் நடத்திய 'பச்சைக் குதிரை' கவிதை இதழில் நெரூதா ஒரு பிரகடனம் எழுதினார். தூய கவிதை வேண்டாம், தூய்மையற்ற கவிதை வேண்டும் என்பது அதன் சாரம். உழைக்கும் கை தேய்த்த கருவிகள், வியர்வை, கறை, உடலின் நாற்றம் எல்லாம் கவிதைக்குள் வரட்டும் என்றார். நவீனக் கவிதை வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. என் இருபதுகளில் இதைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கிறேன். 1935க்கு ஆறு ஆண்டு முன்பு, தினமும் காலையில் அவர் வீட்டு மலத்தைத் தலையில் சுமந்து போனாள் ஒருத்தி. தூய்மையின்மை என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. அதைத் தொழிலாகவும் பிறப்பாகவும் விதிக்கப்பட்டவள் அவள். கருவியைத் தேய்த்த கையும், வியர்வையும், கறையும் சாதியால் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டு அவர் கண்முன் நடந்து போயின. அவருக்குக் கண்ணில் பட்டது மாணிக்கமும் அரசியும் தெய்வமும். அழுக்கைப் பாட வந்தவர், அழுக்கு உண்மையிலேயே எதிரே வந்தபோது அதைக் கழுவித் துடைத்து, கோயில் சிற்பமாக்கி, அப்புறம்தான் தொட்டார். பிரகடனத்தில் அவள் இல்லை. பின்னாளில் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் காலுறைக்கும் உப்புக்கும் புகழ்ப்பா எழுதியவர் அவர். அந்த வாளி எந்தப் புகழ்ப்பாவிலும் ஏறவில்லை.

ஐரோப்பிய மொழிகளில் அவள் சாதியைக் குறிக்க நெரூதா எழுதும் 'பாரியா' என்ற சொல்லைப் பாருங்கள். பறை என்ற நம் சொல்லிலிருந்து கிளம்பி, போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகக் கப்பலேறி, ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் சொல்லாக அங்கே உலவுகிறது. நாடற்றவன், நட்பற்றவன், தனித்த கவிஞன் எல்லோரும் அங்கே தம்மை அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தைத் தமிழில் படிக்கிறபோது சொல் வீடு திரும்புகிறது. உருவகம் கழன்று விழுந்து, பழைய வசை வெளியே தெரிகிறது. பகலில் தொட்டால் தீட்டு, படுக்கையில் தீட்டில்லை என்ற ஏற்பாட்டை சிலே நாட்டுக்காரர் கண்டுபிடிக்கவில்லை. நம் ஊரில் அது ஏற்கெனவே தயாராக இருந்தது. அவர் வந்து அதில் புகுந்துகொண்டார். ஆங்கிலேயக் கனவான்களின் காலனித் திமிரை அதே நூலில் கேலி செய்கிறவர் அவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த இடத்தில் சிலர் ஆவேசப்படுகிறார்கள். "ஒரு தமிழச்சியை ஒரு வெள்ளைக்காரன்..." என்று தொடங்குகிறது அந்த ஆவேசம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தமிழச்சி என்று இன்று உரிமை கொண்டாடுகிற குடும்பங்கள் எத்தனையில் அவள் முன்வாசல் வழியாக வந்திருக்க முடியும்? நம் ஊர்ப் பழைய வீடுகளின் பின்னால் ஒரு சந்து ஓடும். அது யார் வந்து போவதற்காக விடப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது, அது போதாமல் 2013இல் இன்னொன்று. 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்தபோதும் அதில் பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தமிழில்தான் பேசினார்கள். பொதுமொழி இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இலக்கியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுடலை மலையாகவும் பழமாகவும் நிலமாகவும் பாடுகிற நெரூதாவை உலகக் கவிதை என்று கொண்டாடிய அதே சூழலில்தான், 2000களின் தொடக்கத்தில் குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் தம் உடலைத் தாமே எழுதியதற்காக ஆபாசம் என்று வசைபாடப்பட்டார்கள். குட்டி ரேவதியின் தொகுப்புக்கு 'முலைகள்' என்ற தலைப்பே பொறுக்கவில்லை. நெரூதா எழுதினால் அது நிலவெளி, நம்மவள் எழுதினால் அசிங்கம். எழுதப்படும் உடல் பேசாதவரை ரசனை; பேசிவிட்டால் கலாச்சாரச் சீரழிவு. சுகிர்தராணியின் கவிதைகளை நெரூதாவின் பிரகடனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அசுத்தம் என்ற சொல்லை யார் உள்ளிருந்து எழுதுகிறார்கள், யார் வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறார்கள் என்பது பிடிபடும்.

அந்தக் காலம் அப்படி என்ற வாதத்தை விரைவாகவே முடித்துவிடலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. இலங்கையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927இலேயே தொடங்கியாகிவிட்டது. 1931இல் பெண்கள் வாக்களித்தார்கள். அந்தச் சங்கத்து மேட்டுக்குடிப் பெண்களுக்கும் வாளி சுமந்தவளுக்கும் இடையே கடலளவு தூரம் என்பது உண்மை. ஆனால் பெண்ணின் மறுப்பு என்றால் என்னவென்றே தெரியாத காலம் அல்ல அது. போகட்டும், அவருக்கே தெரிந்திருந்தது. அவள் இகழ்ந்தது சரி என்று எழுதியிருக்கிறாரே.

அந்த வரியைத்தான் நேர்மை என்கிறார்கள். யாரிடம் சொன்ன நேர்மை? ஒப்புதல் என்றால் கேட்க ஒருவர் வேண்டும், மன்னிக்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவர். அவள் அந்தப் புத்தகத்தைப் படிக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்கிற இடத்தில் நாம் உட்கார வைக்கப்படுகிறோம். அவளுடைய இகழ்ச்சியைக்கூட அவரே எழுதி, அவரே ஏற்று, நம்மிடம் நீட்டுகிறார். அதை வாங்கிக்கொண்டு தலையாட்ட நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒப்புக்கொள்வதிலும் தேர்வு இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று போதும். மகள் மால்வா மரீனா 1934இல் மூளையில் நீர்கோத்த நோயோடு பிறந்தாள். தாயையும் மகளையும் விட்டு அவர் பிரிந்தார். எட்டு வயதில் அவள் ஹாலந்தில் இறந்துபோனாள். வாழ்ந்ததையெல்லாம் ஒப்புக்கொள்ளும் அந்த நூலில் மகளுக்கு இடமில்லை. டச்சு எழுத்தாளர் ஹாகர் பீட்டர்ஸ் 2015இல் அவளையே கதைசொல்லியாக வைத்து 'மால்வா' என்ற நாவலை எழுதினார்.

நெரூதாவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எறிந்துவிட்டால் நம் ரசனையாளர்களுக்கு வசதியாகிவிடும். அந்தப் பக்கத்தையும் சேர்த்து எறிந்துவிடலாம். பாடத்திட்டத்தில் நெரூதா இருந்தால் அந்தப் பக்கமும் இருக்கட்டும். தமிழில் அடுத்து வரும் எந்த மொழிபெயர்ப்புத் தொகுப்பிலும், கவிஞர் குறிப்பில் 1971 நோபல் பரிசு வரும் பத்தியிலேயே 1929 வெள்ளவத்தையும் வரட்டும். "சர்ச்சைக்குரிய சம்பவம்" என்ற மழுப்பல் வேண்டாம். உரிய சொல்லைப் போடுங்கள். கொழும்பில் எழுதப்பட்ட கவிதைகளுக்கு அடியில் ஊரும் ஆண்டும் அச்சாகட்டும்.

வகுப்பில் இந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லி ரெசிதென்சியாவோடு சேர்த்துப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "மறுநாள் வாளியை யார் எடுத்தாங்க மேடம்?" மறுபடி அது நடக்கவில்லை என்று நெரூதா எழுதுகிறார், வாளி மறுநாளும் நிரம்பியிருக்கும். விடியலில் யாரோ வந்துதான் ஆகவேண்டும், சம்பளத்துக்கு வருகிறவள் நினைத்தால் வராமல் இருந்துவிட முடியாது. வகுப்பில் அதன் பிறகு கவிதைக்கு நேரமில்லை. அவரவர் ஊரில் அந்தச் சந்து எங்கே இருந்தது, யார் வீட்டுப் பாட்டி எந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வாள், எடுக்க வருகிறவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எவருக்கும் ஒரு பெயர்கூட நினைவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்றார்கள்.